முட்டை வரிசையில் ஏழு பொட்டலங்கள்

காலை பத்து இருபதுக்கு மின்சாரம் வந்தது. பத்து இருபத்தொன்றுக்கு நெரெய்தா என் ஜன்னலில் நின்றாள்.

"எவெலியோ, வட்ட எடு. செருப்ப மாட்டு. கெளம்பு."

"காப்பி வச்சிருக்கேன்."

"காப்பி அப்புறமும் இருக்கும். கரண்ட் இருக்காது."

தெரு முழுக்கக் குக்கர்களைத் தட்டிவிடும் சத்தம். நான்கு மணி நேரம்தான். இரண்டு இருபதுக்குப் போய்விடும். நான் என் ஹார்ட் டிஸ்க் வட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நெரெய்தா எங்கள் ஊர் பேண்டில் இருபத்திரண்டு வருடமாகப் பொம்பார்தினோ வாசிக்கிறாள். மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல். யாரும் அதைக் கேட்பதற்காகப் பூங்காவுக்கு வருவதில்லை. அது இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்பார்கள். பதினோரு வருடமாக அவள் ஒரு தன்சோன் எழுதினாள். ஜோடிகள் மெதுவாக ஆடுவதற்கான பழைய மெட்டு. ஒருமுறைகூட அதை யாரும் வாசித்ததில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பேண்ட் பூங்காவில் வாசிக்கும். அன்று வியாழன். மாஸ்டர் அபெலார்தோவுக்கு அது கடைசி வியாழன். நாலு மணி ஒத்திகைக்கு எல்லா ஸ்டாண்டிலும் இசைத்தாள் இருந்தால் உன் தன்சோனை வாசிக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் புது மாஸ்டர். புது மாஸ்டர் வேறு யாருமில்லை, முதல் ட்ரம்பெட் எரிபெர்தோ. எரிபெர்தோ நெரெய்தாவின் முன்னாள் கணவன்.

"அவன் கைக்குப் போச்சுன்னா அந்தத் தாள்ல வேர்க்கடலைதான் மடிப்பான்" என்றாள் நெரெய்தா.

தன்சோன் ஒரு பென் டிரைவில் இருந்தது. அவளுடைய அக்கா மகன் தன் லேப்டாப்பில் ஒவ்வொரு சுரமாக ஏற்றிக் கொடுத்தது. சென்ற மாதம் அவன் அமெரிக்காவுக்கு, தாம்பாவுக்குப் போய்விட்டான். லேப்டாப்பும் போனது. கோப்பு மட்டும் மிஞ்சியது. பேண்ட் கூடத்துக் கம்ப்யூட்டரில் இசை எழுதும் நிரல் ஒன்று உண்டு. பழையது. கோப்பைத் திறக்கமாட்டேன் என்றது. புதியது வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் பிறந்ததிலிருந்து இணையத்தைப் பார்த்ததில்லை. பூங்காவில் கிடைத்துக்கொண்டிருந்த இணையமும் இல்லை, அதைத் தரும் வைஃபை பெட்டி செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கையால் எழுதலாம் என்றால் அவளுடைய நோட்டுகள் பதினோரு வருடக் கிறுக்கல். பிரித்து எழுத ஒரு வாரம் ஆகும்.

அதனால் நான்.

இணையத்தில் இருப்பதை வட்டில் வைத்திருப்பது என் தொழில். வாரம் ஒருமுறை சாந்தா கிளாரா நகரத்திலிருந்து வட்டு வரும். படம், தொடர், பேஸ்பால், நிரல்கள். நிரல்களை நாங்கள் பொட்டலம் என்போம். என் வீட்டுக் கம்ப்யூட்டர் கிழடு, நகல் எடுக்க மட்டும் உதவும். ஆனால் ஊரில் எவர் வீட்டில் எந்த நிரல் ஓடினாலும் அது என் ஜன்னல் வழியாகப் போனது. பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை அன்று இன்னும் இருபது நிமிடம் நீடித்தது.

பேண்ட் கூடத்தில் பெரிய மத்தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் கம்ப்யூட்டர். பக்கத்தில் பிரிண்டர். நெரெய்தா ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்திருந்தாள். பால் பண்ணையின் பழைய படிவங்கள், பின்பக்கம் வெள்ளை. வட்டைச் செருகினேன். இசை நிரலின் புதிய பொட்டலம் இருந்தது. நிறுவு என்றேன்.

திரையில் சிவப்பாக ஆறு வரி வந்தது.

"இது என்ன திட்டுதா?" என்றாள் நெரெய்தா.

"இல்ல. கேக்குது. துணைப் பொட்டலம் ஆறு வேணுமாம். அதுங்க இருந்தாத்தான் இது ஓடும்."

"குடு."

ஆறு பெயரும் 'லிப்' என்று தொடங்கின. துணைப் பொட்டலங்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். வட்டில் லிப் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எழுத்துப்பிழையோ என்று மறுபடி தேடினேன். ஒன்றும் இல்லை.

அப்போது ஞாபகம் வந்தது.

ஏப்ரலில் நூற்று அறுபத்து நான்கு பகுதிகள் கொண்ட ஒரு துருக்கித் தொடர் வந்தது. வட்டில் இடமில்லை. எதை அழிக்கலாம் என்று பட்டியலைப் பார்த்தேன். லிப் என்று தொடங்கும் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரண்டு வருடத்தில் ஒரு ஆள்கூட என் ஜன்னலில் வந்து எனக்கு ஒரு லிப் கொடு என்று கேட்டதில்லை. விளையாட்டு கேட்பார்கள். போட்டோவில் மூஞ்சியை வெள்ளையாக்கும் நிரல் கேட்பார்கள். லிப் கேட்டதில்லை. யாரும் கேட்காத சரக்கு எதற்கு என்று மொத்தத்தையும் அழித்துவிட்டேன். தொடர் முழுதாக உட்கார்ந்தது. அன்று எனக்கு என் மூளையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

"நெரெய்தா, ஒரு விஷயம்."

"சொல்லு."

சொன்னேன்.

"எத்தன அழிச்ச?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"ஒரு தொடருக்காக."

"ஆமா."

"எந்தத் தொடர்?"

பெயரைச் சொன்னேன்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்தாள். என்மேல் படவில்லை. மத்தளத்தில் பட்டது. கூடம் முழுக்க அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தில் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்லலாம்.

"இரு, இரு. நான்தான அழிச்சேன்? ஊர் அழிக்கலயே."

"என்ன உளர்ற?"

"முன்னாடியெல்லாம் யாராவது ஒரு நிரல் கேட்டா, அதுக்கு வேண்டிய துணையெல்லாம் சேத்து ஒரு ஃபோல்டர்ல போட்டுக் குடுப்பேன். அது அவங்க வீட்டுல அப்படியே கெடக்கும். நம்ம ஊர்ல எவன் எத அழிக்கிறான்? சொய்லா வீட்டுல செத்துப்போன ஃபிரிட்ஜு மூணு நிக்குது."

"எந்த வீட்டுல எந்தப் பொட்டலம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வீடு வீடாப் போறதுக்கு நேரம் இருக்கா?"

"இல்ல." யோசித்தேன். "ஆனா இன்னிக்கு யாரும் வீட்டுல இல்ல."

அவளுக்கும் புரிந்தது. அன்று முட்டை வந்திருந்தது. ஐந்து வாரம் கழித்து.

ஆறு பெயரையும் ஒரு பால் பண்ணைப் படிவத்தின் பின்னால் எழுதினேன். ஒரு சைக்கிள். நெரெய்தா முன்கம்பியில் உட்கார்ந்தாள். நான் மிதித்தேன். வழியெல்லாம் குக்கர் விசில்.

ரேஷன் கடை வாசலில் எண்பது பேர் இருப்பார்கள். வரிசையாக இல்லை. யாரும் வரிசையாக நிற்பதில்லை. மரத்தடியில், படியில், எதிர்வீட்டு நிழலில். ஆனால் அவரவருக்குத் தன் முன்னால் யார் என்று தெரியும். வந்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"கடைசி யாரு?"

"நாந்தான்" என்றார் பல் டாக்டர் உலீசெஸ். வெள்ளைக் கோட்டோடு நின்றார். "எனக்கு முன்னாடி அந்தப் பச்சத் தொப்பி. சீக்கிரம் நகந்தா நல்லது. நாற்காலில ஒருத்தர வாயத் தொறந்து வச்சிட்டு வந்திருக்கேன்."

"டாக்டர், நான் முட்டைக்கு வரல."

"அப்ப ஏன் கடைசி யாருன்னு கேட்ட?"

"பழக்கம்."

நான் படியில் ஏறினேன். சத்தமாகச் சொன்னேன். நெரெய்தாவின் தன்சோன் இன்றைக்கு வாசிக்க வேண்டுமானால் ஆறு பொட்டலம் வேண்டும். என்னிடம் நிரல் வாங்கிய எல்லோரும் வீட்டில் என்னென்ன லிப் இருக்கிறதென்று யோசித்துப் பாருங்கள்.

"உங்கிட்டதான எல்லாம் இருக்கும்?" என்றது ஒரு குரல்.

"அழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"துருக்கித் தொடருக்கு" என்றாள் நெரெய்தா.

எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பேர் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள். அவர்கள் முகத்தில் மட்டும் கொஞ்சம் மன்னிப்பு இருந்தது.

முடி வெட்டும் சொய்லா தாளைப் பிடுங்கினாள். எழுபது வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கே வாசித்தாள்.

"லிப்... போர்ட்... ஆடியோ... ரெண்டு. இது என்னடா ராசா, மருந்துப் பேரு மாதிரி இருக்கு. யாருக்காவது லிப்போர்ட் ஆடியோ இருக்கா?"

"எனக்குச் சக்கரதான் இருக்கு" என்றது மரத்தடி.

"செல்லுலயே லிஸ்டப் பாக்கலாமே" என்று ஒருத்தன் சொன்னான். அவன் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாக் கோப்பின் பெயரையும் போட்டோ எடுத்து வைத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனிடம் இரண்டு இருந்தன. 

தாள் கைமாறியது. படியிலிருந்து மரத்தடிக்கு, மரத்தடியிலிருந்து எதிர்வீட்டு நிழலுக்கு. சிலர் வீட்டுக்குப் போன் போட்டு மாமியாரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "எலிய ரெண்டு தடவ அமுக்குங்க அத்த. இல்ல, வலிக்கிற மாதிரி இல்ல. மெதுவா." தாள் அரைமணியில் திரும்பி வந்தது. ஆறு பெயருக்கும் பக்கத்தில் ஆள் பெயர் எழுதியிருந்தது. அடியில் யாரோ 'சவரபிளேடு இருந்தால் சொல்லவும்' என்று சேர்த்திருந்தார்கள்.

ஆறு பொட்டலம், நான்கு வீடு. ஆனால் ஒருவரும் வரிசையை விட்டு வரத் தயாராக இல்லை. ஐந்து வாரம் கழித்து வந்த முட்டை. சாவியைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

"என் வீட்டுல அடுப்புல கறுப்பு பீன்ஸ் இருக்கு. விசில் அடிச்சா அணச்சிடு."

"நாய் கடிக்காது. ஆனா பேரச் சொல்லிக் கூப்புடணும். பேரு முசோலினி."

"எம் பாஸ்வேர்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சொய்லா. "நானே வர்றேன். நெரெய்தா, என் எடத்துல நில்லு."

"எந்த எடம் சொய்லா?"

"எனக்கு முன்னாடி அந்தக் குடைக்காரம்மா. அவங்களுக்கு முன்னாடி யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எதுக்கு அது? உன் பொட்டலமும் அப்படித்தானடா எவெலியோ? தனக்கு முன்னாடி இருக்கிறவனைத்தான் சொல்லுது. அவனுக்கு முன்னாடி எவன்னு அவனைப் போய்க் கேக்கணும்."

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

சொய்லா பின்கம்பியில் உட்கார்ந்தாள். அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்று ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் இருந்தது. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். மாஸ்டர் அபெலார்தோவின் பெயர். நான் கேட்காத மாதிரி நின்றேன்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"எனக்குக் காது மந்தம்."

"நல்ல புள்ள."

அவளை வரிசையில் இறக்கிவிட்டு மற்ற மூன்று வீட்டுக்கும் ஓடினேன். ஓரிடத்தில் பீன்ஸை அணைத்தேன். ஓரிடத்தில் முசோலினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது ஓடிவந்து என் காலில் உட்கார்ந்துகொண்டது, எழவில்லை. ஒரு காலால் நின்று நகலெடுத்தேன். கடைசி வீட்டில் ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். கண் திறக்காமல், "யாரு?" என்றார். "பொட்டலம்" என்றேன். "மேசை மேல வை" என்று திரும்பிப் படுத்தார்.

ஒன்று ஐந்துக்குப் பேண்ட் கூடத்தில் இருந்தேன். சட்டை முழுக்க நாய் மயிர். ஆறு பொட்டலத்தையும் வரிசையாகப் போட்டேன். ஒன்று உட்கார்ந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நான் தனியாகக் கை தட்டினேன். ஆறாவது சிவப்பில் ஒரு வரி போட்டது.

ஆறாவதுக்கு ஒரு துணை வேண்டும். ஏழாவது.

மறுபடி சைக்கிள். வரிசையில் நெரெய்தா இப்போது நான்கு பேருக்காக நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் வாய் திறந்திருந்தவரை மூடச் சொல்ல டாக்டர் போயிருந்தார். இன்னொருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டப் போயிருந்தாள். எல்லா இடமும் நெரெய்தா. கையில் நான்கு ரேஷன் புத்தகம்.

"முடிஞ்சிச்சா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு."

ஏழாவது பெயரைச் சத்தமாகச் சொன்னேன். போட்டோக்காரன் தன் போட்டோக்களை முழுக்கப் பார்த்தான். இல்லை. மாமியார்கள் தேடினார்கள். இல்லை.

சொய்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எவெலியோ, இது சத்தம் பதிவு பண்ற நிரலோட வர்றதா?"

"ஆமா."

"அந்த நிரல யாருக்குக் குடுத்த?"

ஒரே ஒருத்தனுக்குத்தான் கொடுத்திருந்தேன். தன் ட்ரம்பெட்டைத் தானே பதிவு செய்து தானே கேட்பதற்காக வாங்கிப்போனான்.

சொய்லா எதிர்வீட்டு நிழலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். எரிபெர்தோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காலையிலிருந்தே நின்றிருக்கிறான். அந்தத் தாள் அவன் கை வழியாகவும் போயிருக்கிறது. படித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்திருக்கிறான்.

மணி ஒன்று இருபத்தைந்து.

"நீ கேளு" என்றாள் நெரெய்தா என்னிடம்.

"எனக்குத் தர மாட்டான்."

"எனக்கு மட்டும்?"

"உன் பாட்டு."

அவள் நான்கு ரேஷன் புத்தகத்தையும் சொய்லாவிடம் கொடுத்தாள். தெருவைக் குறுக்கே கடந்து நடந்தாள். எண்பது பேரும் முட்டையை மறந்தார்கள். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"எரிபெர்தோ."

"நெரெய்தா."

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ட்ரம்பெட்காரன். காது நல்லா கேக்கும்."

"உன் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு. எனக்கு வேணும்."

அவன் மேலே பார்த்தான். "திங்கக்கெழமைலேர்ந்து நான்தான் மாஸ்டர். அப்ப கொண்டா. பாத்து முடிவு பண்றேன்."

"நீ பாக்க மாட்ட."

"பாக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டான்.

"அதனாலதான் இன்னிக்கு."

"அதுல முதல் ட்ரம்பெட்டுக்கு என்ன இருக்கு?"

நெரெய்தா சாவிக்கொத்தை விரலில் சுற்றினாள்.

"எல்லாரும் நிறுத்திடுவாங்க" என்றாள். "முப்பது பேரும். அப்ப நீ மட்டும் வாசிப்ப."

"தனியாவா?"

"தனியா."

"மேல சுரமா?"

"உன்னால முடிஞ்ச மேல."

எரிபெர்தோ கட்டியிருந்த கையைப் பிரித்தான். கழுத்தைச் சொறிந்தான். எங்கள் ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள்கூட அந்த மேல் சுரத்துக்காகப் பூங்காவுக்கு வருவார்கள். அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நான் வரிசைய விட்டு வர மாட்டேன்" என்றான். "எனக்கு முன்னாடி ஏழு பேருதான். சாவி..." பாக்கெட்டைத் தடவினான். "சாவி எடுத்துட்டு வரல. பின்கதவத் தாழ் போடாம வந்தேனா, போட்டேனான்னு..."

"எங்கிட்ட இருக்கு" என்றாள் நெரெய்தா.

"என்ன இருக்கு?"

"சாவி."

ஒன்பது வருடம் ஆகிறது அவர்கள் பிரிந்து. அவள் தன் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்துத் தூக்கிக் காட்டினாள்.

"பூட்ட மாத்தலயா நீ?"

"பூட்டு எங்க கெடைக்குது?" என்றான் எரிபெர்தோ.

முதலில் சொய்லா சிரித்தாள். பிறகு மரத்தடி. பிறகு படி. கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடைக்காரம்மா உட்கார்ந்துவிட்டார். எரிபெர்தோவுக்கும் உதடு துடித்தது. ட்ரம்பெட்காரனின் உதடு, அடக்கத் தெரியும். ஆனால் முழுதாக அடக்க முடியவில்லை.

சைக்கிளில் நெரெய்தா முன்கம்பியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். வண்டி ஆடியது. இரண்டு இடத்தில் விழப் பார்த்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று நடுவில் மறந்துவிட்டது. சிரிப்பு மட்டும் நின்றபாடில்லை.

எரிபெர்தோ வீட்டில் சாவி ஒரே திருப்பில் திறந்தது. அவள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "கம்ப்யூட்டர் எடது பக்கம். நாற்காலியோட ஒரு கால் ஆடும், பாத்து உக்காரு" என்றாள். உண்மையிலேயே ஆடியது.

ஒன்று ஐம்பதுக்குப் பேண்ட் கூடத்தில் ஏழாவது உட்கார்ந்தது. பிறகு ஆறாவது. பிறகு இசை நிரல். பென் டிரைவைச் செருகினேன். தன்சோன் திரையில் விரிந்தது. முப்பத்தொரு வரி, நூற்று முப்பத்தெட்டு பார். தாளக் கட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் பார். நெரெய்தா திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். நான் அச்சிடு என்றேன்.

பிரிண்டர் முனகியது. முதலில் மாஸ்டருக்கான முழுத்தாள். பிறகு புல்லாங்குழல். பிறகு கிளாரினெட்டுகள். ஒவ்வொரு தாளாக அவள் எடுத்து ஊதினாள், மை காய. கூடம் முழுக்க, தரையில், மத்தளத்தின்மேல், நாற்காலிகளில் தாள். பின்பக்கம் பால் பண்ணை. எட்டாயிரம் லிட்டர், ஒன்பதாயிரம் லிட்டர். சாக்ஸபோன்கள். கொம்புகள். இரண்டாம் ட்ரம்பெட், மூன்றாம் ட்ரம்பெட். பொம்பார்தினோ வந்தபோது அதை மட்டும் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தாள். தாள வாத்தியங்கள். எரிபெர்தோவின் தாளை அவள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருந்தாள்.

இரண்டு பதினெட்டுக்கு மின்சாரம் போனது. இரண்டு நிமிடம் முன்கூட்டி.

பிரிண்டர் பாதி மூச்சில் நின்றது. முதல் ட்ரம்பெட்டின் தாள் உள்ளே சிக்கியிருந்தது. இழுத்தேன். தலைப்பு மட்டும் இருந்தது.

"போச்சு" என்றேன். "எல்லா ஸ்டாண்டிலயும் தாள் இருக்கணும்னார் மாஸ்டர். அதுவும் அவன் ஸ்டாண்டு. நாலு மணிக்குள்ள ஒரு முழு ட்ரம்பெட் பகுதிய எப்படி எழுதப் போற?"

"பென்சில் குடு."

"நெரெய்தா, நூத்தி முப்பத்தெட்டு பார்."

"குடுடா."

அவள் மத்தளத்தின்மேல் தாளை வைத்துக் குனிந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயைத் திறந்து, குடித்து, முகம் கழுவித் திரும்பி வந்தேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றாள். தாளை இரண்டாக மடித்து முதல் ட்ரம்பெட்டின் ஸ்டாண்டில் வைத்திருந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

எனக்கு இசை தெரியாது. மற்ற தாள்களை ஸ்டாண்டுகளில் வைத்தேன்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பாதிப் பேர் முட்டை அட்டையோடு. மாஸ்டர் அபெலார்தோ வந்து நின்று ஒவ்வொரு ஸ்டாண்டாகப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம்தான். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பால் பண்ணையா?"

"ஆமாங்க மாஸ்டர்."

"பரவால்ல. எல்லாம் இருக்கு." அவர் முழுத்தாளைப் பிரித்தார். முதல் பக்கம் படித்தார். இரண்டாம் பக்கம். புருவத்தைத் தூக்கி நெரெய்தாவைப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். எரிபெர்தோ பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருமினார்.

"வாசிக்கலாம்" என்றார்.

நெரெய்தா பொம்பார்தினோவை மடியில் எடுத்து வைத்தாள். நான் கதவோரம் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சொய்லா, டாக்டர், போட்டோக்காரன், குடைக்காரம்மா. முசோலினியும்.

எரிபெர்தோ தன் தாளைப் பிரித்தான். அதில் வாசிக்காமல் இருக்கச் சொல்லும் ஓய்வுக்குறிகள் இருந்தன. நூற்று முப்பத்தேழு பாருக்கு ஓய்வு. கடைசி பாரில் ஒரு சுரம். ஒரே ஒன்று. கோடுகளுக்கெல்லாம் மேலே, தாளின் விளிம்பைத் தொடும் உயரத்தில்.

அவன் அதை நிறைய நேரம் பார்த்தான். பக்கத்தில் இரண்டாம் ட்ரம்பெட்டின் தாள் கறுப்பாக நிறைந்து கிடந்தது. அதையும் பார்த்தான். ட்ரம்பெட்டை முழங்காலில் நிறுத்தினான். நெரெய்தா பக்கம் திரும்பினான்.

மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"நெரெய்தா" என்றான் எரிபெர்தோ, "இந்த ஒண்ண நான் தப்பா வாசிச்சா என்ன பண்ணுவ?"